ஆராய்ச்சி மாணவரும் அலுவலக வாசலும்: ஒரு நெல்லை வரலாறு

பாளையங்கோட்டையைத் 'தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு' என்று சொல்வது வழக்கம். பக்கத்திலேயே இருக்கும் மேலப்பாளையத்துப் பிள்ளைகளும் அந்தக் கல்லூரிகளில்தான் படித்து வருகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. உண்மையான ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகமே ஆராய்ச்சிக்கான முனைவர் பட்டத்தை 1917-ல்தான் ஏற்படுத்தியது. அதற்கு முன்பே ஜெர்மனியில் அது வழக்கத்தில் இருந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 1861-ல் கொடுத்துவிட்டது. ஆக, பட்டம் எல்லோருக்குமே புதுசுதான்!

முனைவர் பட்டம் என்றால் நூலகமும் ஆய்வுக்கூடமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் புதிதாகச் சேர்ந்த மாணவர் முதல் வாரத்தில் தேடுவது புத்தகத்தை அல்ல. எந்தப் படிவம், எந்த ஜன்னல், யாருடைய கையெழுத்து, கடைசித் தேதி என்ன, பணத்தை டி.டி.யாகக் கட்டுவதா சலானாகக் கட்டுவதா என்பதைத்தான் தேடுகிறார். வீட்டில் ஏற்கெனவே ஒருவர் ஆராய்ச்சி முடித்திருந்தால் இது பெரிய விஷயமே அல்ல, சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கொள்ளலாம். அம்மா பீடி சுற்றி, அப்பா தறியில் உட்கார்ந்து படிக்கவைத்த வீட்டில் யாரிடம் கேட்பது?

இந்தக் கேள்விக்கு நெல்லைச் சீமையில் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு பதில் இருந்திருக்கிறது. அந்த வரலாற்றைப் பார்க்கலாம்.

ஆசிரியரே அலுவலகம்

பாளையங்கோட்டை ரஹ்மத் நகரில் 1971-ல் தொடங்கிய சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரியில் மேலப்பாளையத்து மாணவர்கள் ஏராளமாகப் படித்திருக்கிறார்கள். கல்லூரியின் பெயரிலேயே ஓர் ஆசிரியர் இருக்கிறார். சதக்கத்துல்லாஹ் அப்பா 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மார்க்க அறிஞர், அரபுக் கவிஞர். அவருடைய காலத்துக் கல்வி முறையில் பல்கலைக்கழகமும் கிடையாது, பதிவாளரும் கிடையாது. மாணவர் ஒரு நூலை ஆசிரியரிடம் முழுமையாகப் பாடம் கேட்டு முடித்தால், 'இனி நீ இதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கலாம்' என்று ஆசிரியரே அனுமதி கொடுப்பார். அதற்கு இஜாஸா என்று பெயர்.

தமிழ்க் கல்வியிலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். உ.வே.சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தபோது விண்ணப்பப் படிவம் எதுவும் நிரப்பவில்லை. ஆசிரியரின் வீடும் திருவாவடுதுறை மடமும்தான் வகுப்பறை.

இந்த முறையில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. மாணவரை ஆசிரியர் முழுதாக அறிந்திருப்பார் என்பது நல்லது. ஆசிரியர் முகம் சுளித்தால் போய் முறையிட வேறு இடமில்லை என்பது கெட்டது. பட்டம், விதி, அலுவலகம் எல்லாம் வந்துவிட்ட பிறகும் இந்த இரண்டும் 'கைடு' என்ற உருவத்தில் தொடர்ந்து வருகின்றன.

சென்னைக்கு 600 கிலோமீட்டர்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியது. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைக்கப்பட்டதால் பாடம் நடத்துவது கல்லூரியின் வேலை, தேர்வு நடத்துவது பல்கலைக்கழகத்தின் வேலை என்றிருந்தது. பல்கலைக்கழகங்களே பாடமும் ஆராய்ச்சியும் நடத்தலாம் என்று வழி திறந்தது 1904-ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம்தான்.

திருநெல்வேலி இந்துக் கல்லூரியும் பாளையங்கோட்டை தூய யோவான் கல்லூரியும் 19-ஆம் நூற்றாண்டிலேயே கல்லூரிகளாக வளர்ந்தன. பெண்களுக்கான சாராள் தக்கர் கல்லூரி 1895-லும், தூய சவேரியார் கல்லூரி 1923-லும் வந்தன. எல்லாமே சென்னையோடு இணைந்தவை. பட்டப்படிப்பு வரை ஊரிலேயே முடித்துவிடலாம். அதற்கு மேல் ஆராய்ச்சி என்றால் சென்னையைத்தான் பார்க்க வேண்டும். 600 கிலோமீட்டருக்கு மேல் தூரம்!

டாக்டர் மு.வரதராசன் 1948-ல் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வுக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அப்போது அவர் சென்னையிலேயே பச்சையப்பன் கல்லூரியில் ஆசிரியர். அலுவலகத்தில் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும் என்றால் டிராமில் போய்க் கேட்டுவிட்டு வந்துவிடலாம். அதே சந்தேகம் தாமிரபரணிக் கரையில் ஒருவருக்கு வந்தால் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், அல்லது ரயில் ஏற வேண்டும். படிவத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டிருந்தால் இன்னொரு பயணம். அறிவில் ஒரு குறையும் இல்லாதவரையும் தூரமே தடுத்துவிடும்.

பட்டம் இல்லாத ஆராய்ச்சி

இந்தத் தூரத்தை வேறு விதமாகக் கடந்தவர்களும் நெல்லையில் இருந்தார்கள். நாங்குநேரியில் 1917-ல் பிறந்த பேராசிரியர் நா.வானமாமலை முனைவர் பட்டம் வாங்கியவர் அல்லர். பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திவந்தார். 1967-ல் 'நெல்லை ஆய்வுக்குழு'வைத் தொடங்கினார். உறுப்பினர்கள் கூடுவார்கள், ஒருவர் கட்டுரை படிப்பார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். 1969-ல் 'ஆராய்ச்சி' என்ற இதழும் வெளிவந்தது. நாட்டார் பாடல்களையும் கதைப்பாடல்களையும் ஆராய்ச்சிக்கு உரிய பொருளாக மதிக்கவைத்ததில் இந்தக் குழுவுக்குப் பெரும் பங்கு உண்டு.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இன்று 'ஆலோசனைக் குழு', 'முன்னேற்ற அறிக்கை', 'திறந்த வாய்மொழித் தேர்வு' என்று விதிப்புத்தகம் சொல்வதையெல்லாம் அந்தக் குழு எந்த முத்திரையும் இல்லாமல் செய்துகொண்டிருந்தது. புதியவருக்கு மூத்தவர் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அங்கே போய் உட்கார யாரையாவது தெரிந்திருக்க வேண்டும். அதோடு, அந்த ஆராய்ச்சியை வைத்துக் கல்லூரி வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. வேலை வேண்டிய ஏழை மாணவருக்குப் பட்டமும் வேண்டியிருக்கிறது.

மதுரை வந்தது

1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. பன்மொழிப் புலவர் தெ.பொ.மீனாட்சிசுந்தரனார் முதல் துணைவேந்தர். தென்மாவட்டக் கல்லூரிகள் சென்னையிலிருந்து பிரிந்து மதுரையோடு இணைந்தன. 1978-ல் அது மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆனது. 600 கிலோமீட்டர் 150 சொச்சமாகக் குறைந்தது. அதிகாலை பஸ் ஏறினால் வேலையை முடித்துவிட்டு ராத்திரி ஊர் திரும்பிவிடலாம். ஆனால் பல்கலைக்கழகம் ஊருக்குள் இல்லை, நாகமலைப் பக்கம் இருந்தது. சம்பந்தப்பட்ட அலுவலர் அன்று விடுப்பு என்றால் ஒரு நாள் கூலி போயிற்று!

மதுரைக் காலத்தின் நல்ல விளைச்சலுக்கு ஓர் உதாரணம் பேராசிரியர் தொ.பரமசிவன். பாளையங்கோட்டைக்காரர், இளையான்குடிக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர். அவருடைய முனைவர் பட்ட ஆய்வு அழகர் கோயிலைப் பற்றியது. ஒரு கோயிலை அதற்கு வரும் மக்களை வைத்துப் பார்த்த அந்த ஆய்வை மதுரை காமராசர் பல்கலைக்கழகமே 1989-ல் நூலாக வெளியிட்டது. பிற்காலத்தில் அவர் நெல்லையிலேயே பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவராகி, தான் கடந்துவந்த பாதையில் மற்ற மாணவர்களை நடத்தினார்.

அதே 1966-ல் இன்னொரு சட்டமும் வந்தது. பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம். வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுபவர்களையும் அது தொழிலாளர்களாக ஏற்றுக்கொண்டது. இதற்கும் ஆராய்ச்சிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் பாஸ்புக்கின் அருமையைச் சொல்வார். பாஸ்புக்கில் ஏறாத பீடி கணக்கில் வராத பீடி. எத்தனை ஆயிரம் சுற்றினாலும் எழுத்தில் இல்லையென்றால் சேமநல நிதி கேட்கப் போகும்போது கையில் ஒன்றும் இருக்காது. ஆராய்ச்சி மாணவருக்கும் இதே கதைதான் என்பது பின்னால் தெரியவரும்.

அபிஷேகப்பட்டி: பக்கத்தில் வந்த பல்கலைக்கழகம்

1990-ல் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தொடங்கியது. நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிகள் இதன்கீழ் வந்தன. பெயருக்கு உரிய பெ.சுந்தரம் பிள்ளை (1855-1897) திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் சில காலம் பணியாற்றி, பிறகு திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். 'மனோன்மணீயம்' நாடகத்தை 1891-ல் வெளியிட்டார். திருஞானசம்பந்தரின் காலத்தைச் சான்றுகளோடு ஆராய்ந்தவர். அவரும் முனைவர் பட்டம் வாங்கியவர் அல்லர். அவர் பெயரால் இன்று முனைவர் பட்டம் வழங்கப்படுகிறது!

பல்கலைக்கழகம் பேட்டையைத் தாண்டி அபிஷேகப்பட்டியில் இருக்கிறது. மேலப்பாளையத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். 1994-ல் மேலப்பாளையம் நகராட்சி, திருநெல்வேலி மாநகராட்சியோடு இணைந்தது. இப்போது ஒரே மாநகரின் ஒரு பக்கம் மாணவர், ஊருக்கு வெளியே மறுபக்கம் அலுவலகம். காலையில் வீட்டுவேலையை முடித்துவிட்டுப் போய், மதியத்துக்குள் படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். வெளியூரில் தங்கிப் படிக்க வீட்டில் அனுமதி கிடைக்காத பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

600 கிலோமீட்டர் 150 ஆகி, 150 கிலோமீட்டர் 15 ஆகிவிட்டது. அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. எந்த ஜன்னலுக்குப் போக வேண்டும் என்று தெரியாதவருக்கு 15 கிலோமீட்டரும் தூரம்தான்.

விதிகள் எழுதப்பட்ட கதை

நீண்ட காலம் ஆராய்ச்சி விதிகள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபட்டன. பாதி விதி புத்தகத்தில், மீதி விதி செக்‌ஷன் அலுவலரின் ஞாபகத்தில். நாடு முழுமைக்கும் பல்கலைக்கழக மானியக்குழு (யு.ஜி.சி.) 2009-ல் எம்.ஃபில்., பிஎச்.டி. பட்டங்களுக்கான குறைந்தபட்சத் தரவிதிகளைக் கொண்டுவந்தது. நுழைவுத் தேர்வு, கட்டாயப் பாடவகுப்பு, ஒரு நெறியாளரிடம் ஒரே நேரத்தில் எட்டு பிஎச்.டி. மாணவர்களுக்கு மேல் கூடாது என்ற வரம்பு, தொலைதூர வழியில் பிஎச்.டி. கூடாது என்ற தடை எல்லாம் அதில் வந்தன. ஆய்வேட்டை மின்வடிவில் கொடுக்க வேண்டும் என்பதும் அதில்தான். முன்பு ஒரு நூலக அலமாரியில் தூசி தின்ற ஆய்வேடுகள் இப்போது 'ஷோத்கங்கா' தளத்தில் எவரும் படிக்கக் கிடைக்கின்றன.

2016-ல் புதிய விதிகள் வந்தன. பேராசிரியருக்கு எட்டு, இணைப்பேராசிரியருக்கு ஆறு, உதவிப்பேராசிரியருக்கு நான்கு பிஎச்.டி. மாணவர்கள் என்று வரம்பு பிரிக்கப்பட்டது. படிப்புக் காலம் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் ஊனம் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதலாக இரண்டு ஆண்டு. பெண்களுக்கு மகப்பேறு மற்றும் குழந்தை பராமரிப்பு விடுப்பு 240 நாள் வரை. திருமணம் போன்ற காரணங்களால் ஒரு பெண் வேறு ஊருக்குப் போனால் தன் ஆய்வுத் தரவுகளோடு அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது.

இந்தக் கடைசி வரிகளைச் சட்டப் புத்தகத்தின் உலர்ந்த வரிகளாகப் படிக்கக் கூடாது. பதிவு செய்த இரண்டாம் வருடம் கல்யாணம், மூன்றாம் வருடம் குழந்தை, நான்காம் வருடம் 'காலம் முடிந்துவிட்டது' என்று ஒரு கடிதம். இப்படி நின்றுபோன ஆராய்ச்சிகள் எத்தனை வீட்டுப் பரணில் கிடக்கின்றனவோ! அந்த அனுபவங்களுக்குக் காலம் கடந்து எழுதப்பட்ட பதில்தான் 240 நாள் என்ற எண். ஆனால் விதி இருப்பது தெரியாத பெண்ணுக்கு விதி இருந்தும் இல்லாததுதான். விடுப்புக்கு எழுத்தில் விண்ணப்பிக்காமல் வீட்டில் இருந்துவிட்டால், அந்த மாதங்கள் வருகைக் குறைவாகவே கணக்கில் ஏறும்.

2018-ல் கருத்துத் திருட்டுக்கு எதிரான விதிகள் வந்தன. 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் திருத்தித் தர வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டுக்கு ஆய்வேட்டை மீண்டும் கொடுக்க முடியாது. 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து!

2022 நவம்பரில் மறுபடியும் விதிகள் மாறின. எம்.ஃபில். பட்டம் நிறுத்தப்பட்டது. ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற தேசிய அளவிலான கட்டாயம் நீங்கியது. பாடவகுப்புக்குக் குறைந்தது 12 கிரெடிட். ஓய்வு பெற மூன்று ஆண்டுக்குக் குறைவாக இருக்கும் ஆசிரியர் புதிய மாணவரைச் சேர்க்கக் கூடாது. கைடு ஓய்வு பெற்றுப் போய்விட, மாணவர் நடுவழியில் நின்ற அனுபவங்கள்தான் இந்த விதிக்குக் காரணம் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

ஐந்து வரிச் சான்றிதழ்

எழுத்தில் இருப்பதன் மதிப்பைக் காட்ட இன்னொரு சம்பவம். 2009 விதிப்படி பிஎச்.டி. முடித்தவர்களுக்கு உதவிப்பேராசிரியர் பணிக்கு 'நெட்' தேர்விலிருந்து விலக்கு கிடைத்தது. அப்படியென்றால் 2009 ஜூலை 11-க்கு முன் பதிவு செய்தவர்களின் கதி? பல ஆண்டு இழுபறிக்குப் பின் 2016-ல் யு.ஜி.சி. ஐந்து நிபந்தனைகளோடு அவர்களுக்கும் விலக்கு அளித்தது. முறையான வழியில் படித்தது, குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்கள் மதிப்பிட்டது, திறந்த வாய்மொழித் தேர்வு நடந்தது, இரண்டு கட்டுரைகள் வெளியிட்டது, இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை படித்தது. இந்த ஐந்துக்கும் பல்கலைக்கழகத்தின் சான்று வேண்டும்.

ஆண்டுக்கணக்கில் உழைத்து முடித்தவர்கள் பழைய காகிதங்களைத் தேடத் தொடங்கினார்கள். கருத்தரங்கச் சான்றிதழ் எங்கே? கட்டுரை வந்த இதழின் பிரதி எங்கே? வைத்திருந்தவர்கள் சான்று வாங்கினார்கள். தொலைத்தவர்கள் அலைந்தார்கள். பாஸ்புக்கில் ஏறாத பீடி என்று மேலே சொன்னது இதைத்தான்!

உதவித்தொகையிலும் இதே நிலை. சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய ஆராய்ச்சி உதவித்தொகை 2009-ல் அறிமுகமானது. மேலப்பாளையம் போன்ற ஊர்களுக்கு அது பெரிய துணை. 2022-23 முதல் புதிதாக வழங்குவது நிறுத்தப்பட்டது. பழைய தகவலை நம்பிச் சேர்ந்தவர் ஏமாறுவார். நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளராக (ஜே.ஆர்.எஃப்.) தேர்ச்சி பெற்றால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அதனால் சேர்வதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

வரலாறு சொல்லும் பாடம்

இந்த வரலாற்றிலிருந்து புதிய மாணவர் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில:

1. பதிவு செய்த நாளில் நடப்பில் இருக்கும் விதிப்புத்தகத்தின் பிரதி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் விதி மாறும்போது 'எனக்கு எந்த விதி' என்ற கேள்வி வரும்.

2. கைடிடம் எத்தனை இடம் காலி, அவர் ஓய்வு பெறும் ஆண்டு எது என்று தயங்காமல் கேட்க வேண்டும். அது மரியாதைக் குறைவு அல்ல.

3. கொடுக்கும் ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு ஜெராக்ஸ், அதில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும். கட்டிய ஒவ்வொரு பணத்துக்கும் ரசீது.

4. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் ஆலோசனைக் குழுக் கூட்டத்தைச் சடங்காக நினைக்கக் கூடாது. அந்தக் குறிப்புகள்தான் உழைப்புக்குச் சாட்சி.

5. விடுப்பு, ஊர் மாற்றம், கால நீட்டிப்பு எதுவானாலும் முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேண்டும். 'சார் சரின்னுட்டார்' என்பது கோப்பில் ஏறாது.

துறைகளுக்கும் ஒரு பாடம் உண்டு. இந்த ஐந்தையும் ஒரே தாளில் தமிழில் அச்சடித்து முதல் நாளே கொடுக்க ஆகும் செலவு ஒரு டீயை விடக் குறைவு. படித்த அண்ணன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தாள்தான் அண்ணன்.

சதக்கத்துல்லாஹ் அப்பா காலத்தில் ஆசிரியரின் வாய்மொழி போதும். வானமாமலை காலத்தில் பத்துப் பேர் கூடினால் போதும். இன்று எழுத்து வேண்டும். பல்கலைக்கழகத்தை அபிஷேகப்பட்டி வரை அரசு கொண்டுவந்துவிட்டது. மீதமுள்ள 15 கிலோமீட்டரைக் கடக்க, முன்னே போனவர்கள் பின்னே வருகிறவர்களுக்கு வழியைச் சொன்னால் போதும். பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டே மகளை ஆராய்ச்சிக்கு அனுப்பும் தாய்க்குப் பாஸ்புக்கைப் பத்திரப்படுத்தத் தெரியும். அந்தப் பழக்கத்தை மகளும் ஆராய்ச்சிக்குக் கொண்டுபோனால் அவருடைய உழைப்பு கணக்கில் ஏறும்.